நரம்பு வந்துவிட்டது, ஆள் வரவில்லை

எங்கள் பழைய மருத்துவமனையில் இப்போது நர்சிங் சூப்பர்வைசராக இருக்கும் மேரி ஒரு நாள் போன் செய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் சேர்க்கைப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்களாம். நோயாளி மன அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவரா என்று கேட்கும் கட்டம்.

"சின்னப் பொண்ணுங்க அதுல ஒரு கோடு போட்டுட்டுப் போயிடறாங்க பிரதர். உயிருக்கே உத்தரவாதம் இல்லாதப்ப மனசைப் பத்தி எதுக்குக் கேக்கணும்னு நினைக்கிறாங்க. நீங்க பார்த்ததை எழுதிக் குடுங்களேன், நம்ம ஆஸ்பத்திரி ஆண்டு மலர்ல போடுவோம்" என்றார்.

ஆண் செவிலியர்களை 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் குணசேகரன் என்பது சம்பள நாளில் மட்டும் எனக்கு நினைவுக்கு வரும். வெள்ளானூரில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். நான் நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் ஆண்கள் ஐந்தே பேர். படுக்கை விரிப்பதில் தொடங்கி ஊசி போடுவது வரை மூன்றரை வருடம் கற்றுக்கொண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது ஆறு கட்டில், இரண்டு செயற்கைச் சுவாச இயந்திரம், ஒரு ஜெனரேட்டர். அப்புறம் டாக்டர் வேதவல்லி.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஒல்லியான உருவம். பருத்திப் புடவை, அதன் மேல் கோட்டு. கோட்டுப் பையில் பள்ளிப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்குமே, அந்த டிவைடர் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். இ.சி.ஜி. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, டிவைடரின் இரண்டு முனைகளையும் இதயத் துடிப்பின் கோட்டின் மேல் வைத்து, அகலத்தை அளந்து பென்சிலால் குறிப்பார். எந்த நோயாளியையும் தொடுவதற்கு முன்னால் அவரிடம் சொல்வார். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் சொல்வார். "ஐயா, உங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கப் போறேன்." முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

அவர் கோபப்பட்டால் சத்தம் போடமாட்டார். பேனாவை மூடிவிடுவார். அந்த மூடி 'டிக்' என்று விழும் சத்தத்துக்கு வார்டே நடுங்கும்.

மன அழுத்த மாத்திரை என்ற ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது நோயைத் தீர்க்கும் மருந்தாக அல்ல, விஷமாக. எண்பதுகளின் நடுவில், ஒரு பிற்பகல். ஆவடியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியையைக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்தைந்துக்குள்தான். தன் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருந்த மாத்திரைகளை மொத்தமாக விழுங்கியிருந்தார். கூடவே வந்த அண்ணன், "தூக்க மாத்திரை மாதிரிதாங்க, எழுந்துடுவா இல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மானிட்டரை மாட்டியதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. ஊசி முனை மாதிரி ஒடுங்கி இருக்கவேண்டிய கோடு, இடிந்த சுவர் மாதிரி அகன்று அகன்று ஓடியது. என் கண் முன்னால் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. இதயம் நின்றது. நெஞ்சை அமுக்கினேன். திரும்பி வந்தது. மறுபடியும் நின்றது.

"பைகார்பனேட். வேகமா" என்றார் டாக்டரம்மா.

சமையல் சோடாவின் ஊசி வடிவம்தான் அந்த மருந்து. ஒன்றன்பின் ஒன்றாக ஊசிக்குழலில் இழுத்து இழுத்து ரத்தக் குழாயில் செலுத்தினோம். நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அகன்று கிடந்த கோடு, யாரோ இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்துவது போல, மெல்ல மெல்ல ஒடுங்கியது. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேர் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன். உயிர் திரும்பி வருவதை ஒரு கோட்டின் அகலத்தில் பார்த்தது அன்றுதான்.

அந்த ஆசிரியை மூன்றாம் நாள் கண் விழித்தார். பிறகு வீட்டுக்கும் போனார். ஆனால் அந்த மாத்திரையின் மேல் எனக்கு ஏற்பட்ட பயம் போகவில்லை. மருந்து அலமாரியில் அந்தப் பட்டை கையில் பட்டாலே அதைப் பின்னால் தள்ளி வைப்பேன்.

இரண்டு மூன்று வருடம் கழித்து அதே இன மாத்திரையின் மறுபக்கத்தைப் பார்த்தேன். பருத்திப்பட்டிலிருந்து பிலோமினா அம்மாள் என்ற தையற்கார அம்மா நிமோனியாவோடு வந்தார். சுவாச இயந்திரத்தில் வைத்தோம். காய்ச்சல் இறங்கியது, நெஞ்சுச் சளி குறைந்தது. ஆனால் நான்காம் நாள் முதல் வியர்த்துக் கொட்டியது. வாந்தி. ஒரு நிமிடம் கண்ணயரவில்லை. குழாயைப் பிடுங்கப் பார்த்தார். கையைத் துணியால் கட்டினோம். புதிதாகத் தொற்று வந்திருக்கிறது என்று ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆறாம் நாள் அவருடைய மருமகள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. "பிரதர், அத்தை தினம் ஒண்ணு போடுவாங்க. பல வருஷமா போட்டுக்கினு கீறாங்க. மாமா எறந்தப்ப ஒரு டாக்டரு குடுத்தது. இத்த யாரும் கேக்கவே இல்லியே, அதான் நானும் சொல்லல. மனசு சரியில்லாதவங்கன்னு நினைச்சுப்பீங்களோன்னு..."

டப்பாவுக்குள் அந்தப் பட்டை. வருடக்கணக்காக உடம்புக்குப் பழகிப்போன மருந்தை, ஆஸ்பத்திரி வாசலில் காலை வைத்த நாளோடு நாங்கள் வெட்டிவிட்டிருந்தோம்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். யார் மேல் பாயப்போகிறார் என்று நாங்கள் நின்றோம். திரும்ப மூடியைத் திறந்து, நோயாளியின் கோப்பில் தன் கையாலேயே எழுதினார்: 'வீட்டில் உண்ணும் மருந்துகளை நான் கேட்கவில்லை.' கீழே கையெழுத்து. பிறகு பிலோமினா அம்மாளிடம் போய் "அம்மா, தப்பு எங்க மேல" என்றார். கைக்கட்டை அவரே அவிழ்த்தார்.

மாத்திரையை மறுபடி தொடங்கிய சில நாட்களில் அந்த அம்மா அமைதியானார். இயந்திரத்திலிருந்து எடுத்தோம். நான் பூரித்துப்போய், "மாத்திரைதான் மேடம் காப்பாத்துச்சு" என்றேன்.

"அன்னிக்கே ஆன்டிபயாடிக்கையும் மாத்தினோமே, குணா. எது வேலை செஞ்சதுன்னு எப்படிச் சொல்றே?" என்றார். ஆனால் அன்று முதல் யார் வந்தாலும், "வீட்ல சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க" என்று சொல்வது எங்கள் வார்டின் சட்டமாயிற்று. மேரி சொன்ன கட்டம் படிவத்தில் ஏறுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே.

இனி ஏழுமலையைப் பற்றி.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏழுமலைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஆபரேட்டர். அயனம்பாக்கத்தில் வீடு. மனைவி கன்னியம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒரே மகள் நிர்மலா, எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை ஏழுமலைக்குப் பாதம் மரத்துப்போனது. செவ்வாய் முழங்கால் மடங்கியது. புதன் அன்று கையால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. வியாழன் எங்களிடம் வந்தபோது மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையைத் தின்னும் நோய் அது. மூளை முழுசாக விழித்திருக்கும். உடம்பு மட்டும் கல்லாகிவிடும். காத்திருந்தால் பெரும்பாலும் நரம்பு திரும்ப வளரும். அதுவரை ஆளை உயிரோடு வைத்திருக்கவேண்டியது எங்கள் வேலை.

தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தில் சேர்த்தோம். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். சளியை உறிஞ்சி எடுக்கவேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. கண்ணை மூடக்கூட முடியாததால் சொட்டு மருந்து விட்டு ஈரப்பஞ்சு வைக்கவேண்டும். தினமும் முகச்சவரம் நான் செய்வேன். மின்சாரம் போய் ஜெனரேட்டர் உறுமும் வரைக்கும் ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுப்பேன். என் கை நின்றால் அவர் மூச்சு நின்றுவிடும். அதை நினைத்து அழுத்தும்போது எனக்கு ஒரு விதமான பக்தியே வரும்.

அவரிடம் மிச்சமிருந்தது கருவிழி அசைவு மட்டும். மேலே பார்த்தால் ஆமாம். கீழே பார்த்தால் இல்லை. ஆங்கிலத்தில் என்றால் இருபத்தாறு எழுத்தை அட்டையில் எழுதிக் காட்டிவிடலாம். தமிழுக்கு என்ன செய்வது? பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ஒரு பக்கம் மேலிருந்து கீழாக மெய்யெழுத்துக்களையும், உச்சியில் குறுக்காக உயிரெழுத்துக்களையும் எழுதினேன். முதலில் நான் விரலைக் கீழ்நோக்கி நகர்த்துவேன். அவர் மேலே பார்த்த இடத்தில் நிறுத்துவேன். பிறகு குறுக்காக நகர்த்துவேன். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எழுத்து. ஐந்தாவது வரை படித்த மனிதர், அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் முதன்முதலாக ஒரு சொல் எழுதினார். முதல் எழுத்து 'நி' வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நிர்மலாவா? பாப்பாவைப் பார்க்கணுமா?" என்றேன். கண் கீழே போனது. விரலை மறுபடி நகர்த்தினேன். 'று'. பிறகு 'த்'. பிறகு 'து'.

நிறுத்து.

அவர் பார்வை என்னை விட்டு இயந்திரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

நான் காலண்டர் தாளை மடித்தேன். வெளியே போய்க் குழாயடியில் நின்று முகம் கழுவினேன். பிறகு டாக்டரம்மாவிடம் சொன்னேன். "ஏதோ கோபத்துல..." என்று இழுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். "வார்த்தையை அப்படியே சொல்லு" என்றார். சொன்னேன்.

அவர் உட்கார்ந்து நான் வார்டில் பார்த்ததில்லை. அன்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏழுமலையின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"ஏழுமலை, நீங்க எழுதினதைக் கேட்டுக்கிட்டேன். அதைத் தூக்கிப் போடல. முதல்ல நான் கேக்க மறந்த ஒண்ணைக் கேக்கறேன். உங்களுக்கு வலிக்குதா?"

கண் மேலே போனது.

"காலிலயா?" மேலே. "கையிலயும்?" மேலே. "தீ மாதிரி எரியுதா?" மேலே, மேலே.

அசைவில்லாத உடம்புக்கு வலியும் இருக்காது என்று நானாக முடிவு செய்திருந்தேன். ஐந்து வாரமாக, இரண்டு மணிக்கு ஒரு முறை, அந்த நெருப்பைத்தான் புரட்டிப் போட்டிருந்தேன்.

"தூக்கம் வருதா?" கீழே.

அடுத்த நாட்களில் ஒரு விசித்திரம் நடந்தது. ஏழுமலையின் விரல்கள் லேசாக அசையத் தொடங்கின. நெஞ்சும் சற்றே தானாக எழுந்து தணிந்தது. கன்னியம்மா கும்பிட்டு அழுதார். ஆனால் இயந்திரத்தைச் சிறிது நேரம் விலக்கி, தானாக மூச்சு விடச் சொன்னால் அவர் முயற்சியே செய்யவில்லை. அட்டையைக் காட்டினால் பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கன்னியம்மா தினமும் வேலை முடிந்து வந்து ஊர்க்கதை எல்லாம் சொல்வார். அவரையும் பார்க்கவில்லை. "இன்னா பிரதர், நான் இன்னா தப்பு பண்ணேன்? ஏன் மூஞ்சிய திருப்பிக்கிறாரு?" என்று என்னைக் கேட்டார்.

டாக்டரம்மா அவர் கால் நரம்பைத் தட்டிப் பார்த்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நரம்பு வந்துடுச்சு குணா. ஆள் வரல."

நகரத்து மனநல மருத்துவர் ஒருவரோடு நெடுநேரம் போனில் பேசினார். பிறகு கோப்பில் ஒரு மருந்தின் பெயரை எழுதினார். அந்த ஆசிரியையின் இதயத்தை இரண்டு முறை நிறுத்திய அதே மாத்திரை.

முதல் முறையாக நான் அவரை எதிர்த்துப் பேசினேன். "மேடம், வேணாம். இவரு ஹார்ட் ஏற்கெனவே இந்த நோயால தடுமாறிட்டு இருந்துச்சு. அந்த டீச்சரம்மாவுக்குக் கோடு எப்படி அகண்டு போச்சுன்னு நான் பார்த்தேன். என் கையால இதை என்னால குடுக்க முடியாது."

பேனா மூடும் என்று எதிர்பார்த்தேன். மூடவில்லை.

"பயப்படற ஆள் கையாலதான் இதைக் குடுக்கணும்" என்றார். "பதினஞ்சு நாளா நாடியும் பிரஷரும் ஒரே சீரா இருக்கு. இல்லன்னா நினைச்சே பார்த்திருக்க மாட்டேன். ரொம்பக் கொஞ்சமா தொடங்குவோம். இந்த மருந்து நரம்பு எரிச்சலையும் குறைக்கும், தூங்கவும் வைக்கும். மனசுக்கு என்ன செய்யும்னு பார்ப்போம். தினம் காலையில இ.சி.ஜி. எடு. நான் அளந்து சொன்ன பிறகுதான் மாத்திரை. வயிறு உப்பினாலோ, சிறுநீர் நின்னாலோ, நாடி ஏறினாலோ, என்னைக் கேக்காதே. நிறுத்திட்டுச் சொல்லு."

பிறகு அவர் ஏழுமலையிடம் போனார். மாத்திரை என்ன செய்யும், என்ன கெடுதல் வரலாம், எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு மாசம் குடுங்க எனக்கு. அப்புறமும் நீங்க அதே வார்த்தையை எழுதினா, நான் மறுபடி இதே ஸ்டூல்ல உட்கார்ந்து பேசுவேன். ஓடிப்போக மாட்டேன். சரியா?"

அவர் சுவரையே பார்த்திருந்தார். டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை அதே கேள்வியைக் கேட்டார். அன்று கண் மேலே போனது.

கால் மாத்திரையைச் சின்னக் கல்வத்தில் பொடித்து, நீரில் கரைத்து, மூக்குக் குழாயில் விட்டேன். அன்று மானிட்டரை விட்டு நான் நகரவில்லை. ஒவ்வொரு காலையும் ஜன்னலோரம் டிவைடர். "அப்படியேதான் இருக்கு, குடு." மருந்தின் குணத்தால் சளி கோந்து மாதிரி இறுகியது. தொண்டைக் குழாய் அடைத்துவிடக் கூடாதே என்று மணிக்கொரு முறை ஈரமாக்கி உறிஞ்சினேன். ஆறாம் நாள் வயிறு மத்தளம் மாதிரி உப்பியது. காது வைத்துக் கேட்டால் குடல் சத்தமே இல்லை. நாடி எகிறியது. கல்வத்தில் பொடித்ததைக் கொட்டிவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டு நாள் நிறுத்தினோம். இத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பாதியளவில் மறுபடி தொடங்கினார்.

இரண்டாம் வாரம் ஏழுமலை நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். புரட்டும்போது நெற்றியில் வியர்வை அரும்பவில்லை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பார்வை இன்னும் சுவரில்தான்.

மூன்றாம் வாரத்தின் முடிவில் ஒரு மாலை. நல்ல மழைக்காலம். கன்னியம்மா நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு வந்து, கேட்கிறாரோ இல்லையோ என்று வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏரி ரொம்பிப் போச்சுய்யா. கலங்கல் பக்கம் தண்ணி உழுது. பசங்க கெளுத்தி புடிச்சுகினு வந்தானுங்க. நிர்மலா கேட்டான்னு கொழம்பு வெச்சேன். புளி கம்மியா பூட்ச்சு. உன் பொண்ணு இன்னா சொல்றா தெரியுமா? நைனா இருந்தா இத்த தட்டோட தூக்கி எறிஞ்சிருப்பாருன்றா..."

நான் எதிர்ப்பக்கம் சளி உறிஞ்சும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவின் பேச்சு பாதியில் அறுந்தது. திரும்பினேன். ஏழுமலையின் கண்கள் சுவரை விட்டு வந்திருந்தன. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் ஈரக் கையோடு காலண்டர் தாளைத் தேடி எடுத்தேன். பல நாளாக அதைத் தொடவில்லை. முதல் எழுத்துக்கு அவர் 'ந' வரிசையில் நிறுத்திவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே நகர்த்தினேன். 'ந' வந்தது. கடந்தேன். கண் மேலே போகவில்லை. அதற்கு அடுத்த வரிசையில் போனது.

'ப'.

பிறகு 'சி'.

கன்னியம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. "இன்னா பிரதர்? இன்னா சொல்றாரு?"

"பசிக்குதாம்" என்றேன்.

குழாய் வழியாக மணிக்கணக்கில் கஞ்சி போய்க்கொண்டிருக்கும் வயிறு அது. வயிற்றில் பசி இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் பசித்தது. நான் பல மரணங்களைப் பார்த்தவன். பல பிறப்புகளையும் பயிற்சிக் காலத்தில் பார்த்தவன். ஒரு மனிதன் தன் உடம்புக்குள் திரும்பக் குடிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் உழைப்பு. இயந்திரமில்லாமல் ஐந்து நிமிடம். மறுநாள் பத்து. நெற்றி நரம்பு புடைக்க மூச்சை இழுப்பார். "போதுமா?" என்றால் கண் கீழே போகும். ஒரு வாரத்தில் ஒரு பகல் முழுக்க. அப்புறம் இயந்திரத்தை மூலைக்குத் தள்ளினோம். தொண்டைத் துளையை விரலால் மூடி டாக்டரம்மா பேசச் சொன்ன நாளில், வார்டே கட்டிலைச் சுற்றி நின்றது. இரண்டரை மாதமாகப் பேசாத வாயிலிருந்து காற்றும் கரகரப்புமாக ஒரு குரல் வந்தது.

"இன்னா பிரதர்... மீசைய ஒரு பக்கம் கொறச்சுகினே வர்ற... கண்ணாடில பாத்தேன்..."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான் மறுபடியும் அதே தவற்றைச் செய்தேன். "இந்தத் தடவை மாத்திரைதான் மேடம்" என்றேன்.

"வலி குறைஞ்சதால தூங்கினாரா, தூங்கினதால மனசு எழுந்துச்சா, மருந்து நேரா மனசைத் தொட்டுச்சா, இல்ல நாள் ஆனதால தானா சரியாச்சா, கன்னியம்மாவோட கெளுத்திக் கொழம்பா... எனக்குத் தெரியாது குணா. தெரியாதுங்கறதையும் எழுதி வைக்கணும்." அப்படியே எழுதியும் வைத்தார்.

பின்னால் வந்த வருடங்களில் இதயத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத புது மாத்திரைகள் வந்தன. இன்னும் பலருக்குக் கொடுத்தோம். சிலர் எழுந்தார்கள். சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒருவர் மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம் வேறு காரணத்தால் இறந்துபோனார். வேறு காரணம்தான் என்று டாக்டரம்மா எனக்கு மூன்று முறை விளக்கினார். நான் இன்னும் சில சமயம் யோசிக்கிறேன். ஆகவே மாத்திரை கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று எழுத நான் வரவில்லை. அந்தக் கட்டத்தில் கோடு போடாமல் கேளுங்கள் என்று மட்டும்தான் சொல்ல வருகிறேன். கேட்டதால்தான் எங்களுக்கு வலி தெரிந்தது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஏழுமலை மறுபரிசோதனைக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு கம்பு. கம்பெனியில் பிரஸ்ஸிலிருந்து மாற்றி, சாமான் சரிபார்க்கும் மேஜை வேலை கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மா பார்த்து முடித்ததும் நான் அவரை வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தேன். பல மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

"அண்ணாத்தே, நீ அன்னிக்கு நிறுத்தச் சொன்னே. நாங்க நிறுத்தல. எங்க மேல கோவம் கீதா?"

நடந்துகொண்டே இருந்தவர் நின்றார். கம்பை ஊன்றிக்கொண்டார்.

"அப்ப நான் வெளையாட்டுக்குக் கேக்கல பிரதர். நெஜமாத்தான் கேட்டேன். அத்த நீ பொய்யின்னு நினைச்சுக்காத. அந்தம்மா ஸ்டூலு போட்டுகினு ஒக்காந்துச்சே, அது நான் கேட்டத பொய்யின்னு நினைக்கல. அதான் ஒரு மாசம் குடுத்தேன்."

சாலையில் பஸ் வந்தது. நான் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நரம்பு நோய் வந்தவர்களுக்கு நடப்பது கடைசியில் வந்துவிடும். பஸ் படிதான் மலை. அவர் கம்பை உள்ளே போட்டார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். வலது கால் ஏறியது. இடது கால் தரையிலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்குள் யாரோ "சீக்கிரம் ஏறுய்யா" என்றார். கண்டக்டர் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயில் வைத்திருந்த விசிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இடது கால் மெல்ல எழும்பிப் படியில் உட்கார்ந்தது.